தோலும் நீரும்: பாலாற்றுப் படுகையின் தொழில் வரலாறு

அரபுக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவன் முதன்முதலில் ஓதும் சட்டப் பாடம் தூய்மை பற்றியதாகும். ஷாஃபிஈ மத்ஹபின் தொடக்க நூல்களில் தண்ணீரின் வகைகள் முதலில் கூறப்படும். அதற்கு அடுத்த பாடமே 'தபாகத்' எனப்படும் தோல் பதனிடுதல். ஹனஃபீ நூல்களிலும் தண்ணீரைப் பற்றிய பேச்சுக்கிடையே பதனிட்ட தோலின் சட்டம் இடம் பெறுகின்றது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடொன்று செத்துக் கிடந்தபோது, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தலாகாதா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவிய செய்தியே இப்பாடத்திற்கு அடிப்படை. வீணாகப் போவதைப் பயனாக்கும் ஒரு தொழிலை மார்க்கம் இவ்வாறு தன் முதற்பாடங்களிலேயே மதித்து ஏற்றுக்கொண்டுள்ளது.

தண்ணீரும் தோலும் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு பாடங்களும் நூலில் மட்டுமன்று, நம் தமிழகத்தின் ஒரு நிலப்பரப்பிலும் அருகருகே நிற்கின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர்களின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இவ்விரண்டின் வரலாறே ஆகும். ஒரு தொழிலின் அமைப்பு மாறும்போது அத்தொழிலால் வாழும் வட்டாரம் எவ்வாறு வளர்கின்றது, அவ்வளர்ச்சியின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதை அறிய இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிடைப்பதரிது.

இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377-இல் எழுதிய 'முகத்திமா'வில் வாழ்க்கைத் தொழில்களுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். மக்கள் பெருகி நாகரிகம் தழைக்கும் நகரங்களில் கைத்தொழில்கள் முழுமை பெறும் என்றும், தேவை குன்றினால் அவையும் குன்றும் என்றும், மனிதரின் ஈட்டத்திற்கு அடிப்படை அவர்தம் உழைப்பே என்றும் அவர் விளக்கினார். தொழிலுக்கும் நகரத்திற்கும் உள்ள இவ்வுறவை அளவுகோலாகக் கொண்டு பாலாற்றங்கரையை நாம் நோக்குவோம்.

ஆவாரம்பட்டைக் காலம்

தோல் பதனிட நான்கு பொருள்கள் வேண்டும்: தோல், நீர், சுண்ணாம்பு, துவர்ப்புள்ள பட்டையோ காயோ. வடஆர்க்காட்டில் இவை நான்கும் கிடைத்தன. வறண்ட கரடுகளில் ஆவாரஞ்செடி தானாக வளர்ந்தது. மலைகளிலிருந்து கடுக்காய் வந்தது. பாலாற்று மணலைத் தோண்டினால் நல்ல நீர் ஊறியது. சந்தைகளில் கால்நடை வணிகம் நடந்தது. ஆயினும் இவையெல்லாம் பன்னெடுங்காலமாக இருந்தும் உள்ளூர்த் தேவைக்கு மேல் தொழில் வளரவில்லை. அதனை வளர்த்தது ஒரு புதிய வழி. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856-இல் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டு, 1862-இல் மலபார்க் கரையிலுள்ள பேப்பூரை எட்டியது. அதன்பின் சென்னைப் பெரியமேட்டிலிருந்த தோல் மண்டிகளும் இலண்டன் மாநகரின் ஏலக்கூடங்களும் இவ்வூர்களுக்கு அண்டை வீடுகளாயின.

இங்கிருந்து சென்றது முழுதும் பதனிட்ட தோலன்று. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்து, எண்ணெய் பூசி, உலர்த்திய பாதி பதனிட்ட தோலே சென்றது. உலகச் சந்தையில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். அதற்கு மெருகும் நிறமும் ஏற்றிக் காலணியாக்கிய பணி இங்கிலாந்தில் நடந்தது. ஆதாயத்தின் பெரும்பகுதியும் அங்கேயே தங்கியது. எனினும் பட்டை உரிப்பவர், வண்டியோட்டி, சுண்ணாம்பு சுடுபவர், தரகர், தொட்டியில் உழைப்பவர் என்று பலருக்கு இத்தொழில் சுற்றுவட்டாரத்திலேயே வேலை தந்தது. பெரும் முதல் இல்லாதவரும் சில தொட்டிகளுடன் தொழில் தொடங்க முடிந்தது. தோலைத் தீண்டத் தயங்கிய சமூகத்தார் இத்தொழிலுக்கு வராத நிலையில், அத்தயக்கம் இல்லாத முஸ்லிம்கள் வணிகத்தில் முன்னின்றனர்.

ஒன்றை மறைத்தலாகாது. சுண்ணாம்புத் தொட்டிகளில் முழங்கால் அளவு இறங்கி நின்று தோலை மிதித்தவர்களுள் மிகுதியானோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தாரும் வறிய முஸ்லிம்களுமே ஆவர். வணிகர்தம் பெயர்கள் கட்டடங்களின் கல்வெட்டுகளில் உள்ளன. இவர்களுடைய பெயர்கள் எங்கும் இல்லை.

பச்சைத்தோலா, பதனிட்ட தோலா?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதல் அதிர்ச்சி வந்தது. அமெரிக்காவில் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறை தொழிற்சாலைகளில் பரவியது. பட்டையில் பல வாரங்கள் ஊறவேண்டிய தோல், குரோமியத்தில் ஓரிரு நாளில் பதமாகியது. அம்முறைக்குப் பாதி பதனிட்ட தோல் வேண்டுவதில்லை. பச்சையாக உப்பிட்ட ஆட்டுத்தோலே வேண்டும். எனவே அமெரிக்க வணிகர் அதிக விலை கொடுத்துப் பச்சைத்தோலை வாங்கினர். ஏற்றுமதி பெருகிற்று, ஆயினும் பதனிடும் தொட்டிகளுக்குத் தோல் கிடைக்காமல் பல காய்ந்தன. ஏற்றுமதிக் கணக்கு உயர்வதும் வட்டாரம் வளர்வதும் ஒன்றல்ல என்பதை இவ்வூர்கள் அப்போதே கண்டன.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடலைச் சோதித்துக் காட்டினார். சேம்பர்ஸ் என்பார் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் தோல் ஆலையால் 'குரோம்பேட்டை' என்னும் ஊர்ப்பெயரே பிறந்தது. எனினும் பாலாற்றங்கரை நெடுங்காலம் பட்டை முறையிலேயே நின்றது. முதல் உலகப்போரில் படைவீரர்தம் காலணிகளுக்காகப் பிரித்தானிய அரசு பாதி பதனிட்ட தோலைப் பெருமளவில் வாங்கவே, தளர்ந்திருந்த தொட்டிகள் மீண்டும் நிறைந்தன. 1919-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு தீர்வை விதிக்கப்பட்டது. ஆனால் தோல் பேரரசுக்குள்ளேயே சென்று பதனிடப்பட்டால் அத்தீர்வையில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பித் தரப்பட்டது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பது போன்ற இச்சட்டத்தின் உள்நோக்கம் யாருக்கு ஆதரவானது என்பதை அச்சலுகையே காட்டிவிடுகின்றது.

ஆதாயம் கல்வியானது

தோல் வணிகத்தின் ஆதாயம் வணிகர் வீட்டோடு நின்றுவிடவில்லை என்பதே இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியை எழுப்பினர். தோல் வணிகர் காகா முஹம்மது உமர் அவர்கள் ஆம்பூரை அடுத்து 1924-இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவ, அவர் பெயரால் உமராபாத் என்னும் ஊரே உருவாயிற்று. மேல்விஷாரத்துப் பெருவணிகர் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரைத் தாங்கிய கல்லூரி 1965-இல் அவ்வூரில் தோன்றியது. திருச்சியில் 1951-இல் எழுந்த ஜமால் முஹம்மது கல்லூரிக்குக் காரணரான பெருமக்களுள் ஒருவராகிய ஜமால் முஹம்மது சாஹிபும் தோல் வணிகரே. தென்னகத்து அரபுக் கல்லூரிகளில் ஓதிய நம் போன்றோர் உண்ட சோற்றில் தோல் மண்டிகளின் ஈகை கலந்திருந்தது. எனவே இத்தொழிலைப் பற்றி நாம் எழுதுவது அயலாரின் குற்றப்பட்டியல் ஆகாது. உப்பிட்டவரை நினைத்தே எழுதுகின்றோம்.

சிறிதும் நடுத்தரமுமான பல வணிகர்கள் ஒரே ஊரில் வாழ்ந்து, ஒரே பள்ளிவாசலில் தொழுது, ஒருவரையொருவர் அறிந்திருந்த அமைப்பில்தான் இவ்வறங்கள் மலர்ந்தன என்பது கருதத்தக்கது. ஆதாயம் எவரிடம், எவ்வூரில் சேர்கின்றது என்பதைத் தொழிலின் அமைப்பே தீர்மானிக்கின்றது. அதனைக் கொண்டே அது எவ்வாறு செலவாகும் என்பதும் அமைகின்றது.

1973-இல் நிகழ்ந்த திருப்பம்

விடுதலைக்குப் பின் 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பின்னர் அதனை இயக்கிய ஒய். நாயுடம்மா அவர்கள் ஆய்வகத்தைத் தொட்டிகளின் அருகே கொண்டு செல்வதில் பெருமுயற்சி கொண்டார். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, 1973 முதல் பச்சைத்தோல் ஏற்றுமதியை மைய அரசு தடை செய்தது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு கட்டியது. முழுதும் பதனிட்ட தோலும் காலணி முதலிய பொருள்களும் உள்நாட்டிலேயே ஆகவேண்டும் என்பது நோக்கம்.

நோக்கம் நிறைவேறிற்று என்றே கூறவேண்டும். நூறாண்டுகளாக இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் தங்கிய ஆதாயத்தின் ஒரு பகுதி ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் வந்தது. காலணியின் மேற்பகுதியைத் தைப்பதில் தொடங்கி, முழுக்காலணி செய்வது வரை தொழில் வளர்ந்தது. நாட்டின் தோல் பொருள் ஏற்றுமதியில் தமிழகம் பெரும்பங்கை ஈட்டியது. ஆண்களே நிறைந்திருந்த தொழிலில் பல்லாயிரம் பெண்கள் நுழைந்தனர். விடியற்காலையில் சிற்றூர்களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறித் தையல் எந்திரத்தின் முன் அமரும் மகளின் ஊதியத்தால் அடுப்பெரியும் வீடுகள் எத்தனையோ. ஆதாயத்தை நாட்டுக்குள் நிறுத்தும் கொள்கை, ஏழை வீடுகளின் வாசல் வரை சென்று சேர்ந்தது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் இம்மாற்றத்தின் உள்ளேயே வேறு இரு மாற்றங்களும் இருந்தன. முதலாவது, முழுப்பதனிடலுக்கு விலையுயர்ந்த எந்திரங்களும் வேதிப்பொருள்களும் பெருமுதலும் தேவைப்பட்டன. சில தொட்டிகளுடன் நடந்த சிறு தொழிலகங்கள் நேரடி வணிகத்தை இழந்து, பெரியவர்களின் தோலைக் கூலிக்குப் பதனிடும் நிலைக்கு இறங்கின, சில மூடப்பட்டன. இரண்டாவது, ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெருமளவில் குரோமியம் பிடித்தது. பட்டை உரித்தவருக்கும் சுமந்தவருக்கும் இருந்த வேலை மறைந்தது. வழக்கமான முறையில் தொட்டியில் இடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறும். தோலைக் கெடாமல் காக்கத் தூவிய உப்பும் கழுவப்பட்டு அதனோடு சேரும். பட்டை முறையின் கழிவும் நல்லதன்று. ஆயினும் பெருகிய உற்பத்தியும் புதிய வேதிப்பொருள்களும் சேர்ந்தபோது, நிலத்தால் தாங்க இயலாத அளவை அது கடந்தது.

கடற்கரையில் கிடைக்கும் உப்பும் தொலைவிலிருந்து வரும் வேதிப்பொருளும் கொண்டு இயங்கும் தொழில், நீருக்கு மட்டும் இன்னும் பாலாற்றையே நம்பியிருந்தது. அந்நீருக்கு அது விலை கொடுக்கவில்லை.

நீரின் கணக்கு

பாலாற்றங்கரை வேளாண் நிலம் தென்னைக்கும் நெல்லுக்கும் கரும்புக்கும் பெயர் பெற்றது. ஆற்றில் வெள்ளம் ஓடும் நாள்கள் சிலவே ஆயினும், மணலுக்கடியில் ஊறும் நீர் ஆண்டு முழுதும் கிணறுகளை நிரப்பியது. கழிவு இறங்கியதும் அக்கிணறுகளிலேயே. தென்னைகள் காய்ப்பு குன்றின. நீர் உவர்த்துப் பாத்திரத்தில் வெண்படலம் படிந்தது.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார் உச்சநீதிமன்றத்தை அணுகினர். 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. தோல் தொழில் வட்டாரங்களில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம் பெற்றுள்ளது. ஒரு கிலோ தோலை முழுதும் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என்பதும் அதில் உள்ளது. தொழில் அயல்நாட்டுச் செலாவணியை ஈட்டுகின்றது என்பதற்காக மக்களின் உடல்நலத்தையும் சூழலையும் அழிக்க அதற்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் கூறியது. மாசு செய்தவரே அதன் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்னும் கோட்பாடும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன.

இழப்பைக் கணக்கிட அமைந்த ஆணையம் 2001-இல் 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்று தீர்த்தது. சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாயை எட்டாத தொகை அது. ஒரு கிணற்றைத் தோண்டவும் அது போதாது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. பின்னர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. இவை மெய்யான முன்னேற்றங்களே. எனினும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, விடுபட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கி அதனை மாசு செய்தோரிடமிருந்து மீட்க வேண்டும் என்றும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இவ்வாணைக்கும் இடையே 34 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதனோடு இன்னொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1989-இன் இறுதியில் ஜெர்மனி, தோல் பூசணம் பிடியாதிருக்க இடப்பட்ட பென்டாகுளோரோஃபீனால் என்னும் நச்சுப்பொருளைத் தடை செய்தது. 1994-இல் சில அசோ சாயங்களையும் சட்டத்தால் விலக்கியது. சரக்குகள் திரும்பிவிடும் என்ற அச்சம் எழுந்ததும், தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு சில ஆண்டுகளுக்குள் மாற்றுப் பொருள்கள் இங்கே புழக்கத்திற்கு வந்தன. மாற வேண்டும் என்றால் இத்தொழிலால் மாற முடியும் என்பதற்கு இதுவே சான்று. தொலைதூர நாட்டில் காலணி அணிபவரின் தோலுக்கு ஊறு நேராதபடி விரைந்து வழிகண்ட தொழில், தன் வேலிக்கு அப்பாலிருந்த கிணற்றுக்கு வழிகாண ஒரு தலைமுறைக் காலம் எடுத்துக்கொண்டது. வாங்குபவரிடம் விலையை மறுக்கும் ஆற்றல் இருந்தது. கிணற்றுக்குரியவரிடம் அது இல்லை.

பாலாற்றின் நலிவுக்குத் தோல் தொழில் ஒன்றே காரணம் என்பது நேர்மையாகாது. மேல்நிலப் பகுதிகளில் நீர் தேக்கப்பட்டதும், ஆற்று மணல் வரம்பின்றி அள்ளப்பட்டதும், ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை குவித்துச் சென்ற ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவும் இக்கேட்டில் பங்கு பெற்றன. ஆனால் பிறர் குற்றம் நம் குற்றத்திற்கு விடையாகாது.

2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கழிவுத்தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, அடுத்த வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தோர். தொட்டியில் உழைக்கும் கைகளும் இன்று தொலைவிலிருந்து வருகின்றன என்பதை அவ்விரவு நமக்கு உணர்த்தியது.

எது வளர்ச்சி?

இவ்வரலாறு காட்டும் பாடம் ஒன்றே. தொழிலின் அமைப்பு ஒவ்வொரு முறை மாறியபோதும் இவ்வட்டாரத்தில் உண்டாகும் பொருளின் மதிப்பு உயர்ந்தது. அதே நேரத்தில் ஆதாயம் பெறுவோர் வட்டமும் இழப்பைச் சுமப்போர் வட்டமும் மாறின. 1973-க்கு முன் ஆதாயத்தை இழந்தது நாடு. அதன்பின் நீரை இழந்தவர் உழவர். ஒரு கையில் காலணித் தொழிற்சாலையின் ஊதியமும் மறு கையில் விலைக்கு வாங்கிய குடிநீரும் கொண்ட குடும்பத்தை வளர்ந்த குடும்பம் என்பதா, தளர்ந்த குடும்பம் என்பதா? ஏற்றுமதிக் கணக்கு ஊதியத்தை மட்டும் எழுதுகின்றது. கிணற்றை எழுதும் ஏடு எங்கும் இல்லை.

நம் சட்ட அறிஞர்கள் இக்கணக்கை அறியாதவரல்லர். பிறருக்குத் தீங்கிழைக்காமையை அவர்கள் பேரடிப்படையாகக் கொண்டனர். தன் சொத்தைத் தான் பயன்படுத்தும்போதும் அண்டை வீட்டாருக்குக் கேடு விளையலாகாது என்று ஊரின் உலைகளுக்கும் பதனிடும் தொட்டிகளுக்கும் இடம் வகுத்துப் பேசினர். தேங்கிய நீரை அசுத்தப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். உதுமான் (ரலி) அவர்கள் மதீனாவின் ரூமா கிணற்றை விலை கொடுத்து வாங்கி மக்களுக்கு அறமாக்கினார்கள். கல்லூரிக்கு நிலம் அளித்த வணிகப் பெருமக்களின் வழிவந்தோர், கெட்ட கிணறுகளை மீட்கவும் நல்ல நீர் வழங்கவும் ஒரு வக்ஃபு காணுதல் அம்மரபின் இயல்பான தொடர்ச்சியே ஆகும். அது நீதிமன்றத்தின் இழப்பீட்டுக்கு மாற்றாகாது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபின் செய்யும் அறமே அறம்.

தொழிலின் அமைப்பு இப்போதும் மாறிக்கொண்டே வருகின்றது. செயற்கைப் பொருள்களால் ஆன காலணிகள் சந்தையை நிறைத்துவிட்டன. ஹஜ்ஜுப் பெருநாளில் மத்ரஸாக்களுக்கு அளிக்கப்படும் குர்பானித் தோலின் விலை அண்மை ஆண்டுகளில் பெரிதும் சரிந்து, சில இடங்களில் எடுப்பாரின்றிக் கிடக்கும் நிலையும் நேர்ந்தது. தோலால் தழைத்த கல்விச்சாலைகளே அத்தொழிலின் தளர்ச்சியை முதலில் உணர்கின்றன. நாளை இவ்வூர்கள் தோலைவிட்டு வேறு தொழிலுக்கு மாறலாம். அப்போதும் அவற்றுக்கு வேண்டிய முதற்பொருள் நீரே.

தூய்மைப் பாடத்தில், நீரின் தன்மை மாறியதா என்பதை நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றால் அறியுமாறு மாணவனுக்குக் கற்பிக்கின்றோம். பாலாற்றங்கரையிலுள்ள நம் கல்லூரிகளில் அப்பாடம் நடக்கும் நாளன்று, மாணவரை அருகிலுள்ள ஒரு வயற்கிணற்றுக்கு அழைத்துச் சென்று, ஒரு வாளி நீரை இறைத்து அவர்கள் முன் வைத்தல் நலம். அடுத்த நாள் பாடம் தோலைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து ஓதிய மாணவனே நாளை இவ்வூர்களின் வணிகனாகவும் ஆலிமாகவும் வரப்போகின்றவன்.